இதயத்துக்கு முழுதானியம்: கினோவாவில் தொடங்கிக் கம்பு வரை, புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்ட்ரால் எண் தடித்த எழுத்தில் வந்தால், அந்த வாரமே வீட்டுக்குள் ஒரு கினோவா பொட்டலம் நுழைந்துவிடுகிறது. ஒருநாள் சமைக்கிறார்கள். கசக்கிறது. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். பொட்டலம் அலமாரியின் பின்வரிசைக்குப் போய், தேதி முடிந்து, குப்பைக்குப் போகிறது. வெள்ளை அரிசியும் மைதாவும் முன்போலவே தொடர்கின்றன.

கசப்பைப் போக்குவது எளிது, அதைக் கீழே சொல்கிறேன். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எந்தத் தானியத்தைப் புதிதாகச் சேர்க்கிறோம் என்பதைவிட, அதற்கு இடம் கொடுத்துத் தட்டிலிருந்து எது வெளியேறுகிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. மூன்று வேளையும் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, மேலே ஒரு கிண்ணம் கினோவா சாலட் சாப்பிட்டால் கூடுவது கலோரி மட்டுமே.

எது முழுதானியம்?

ஒரு தானிய மணியில் மூன்று பகுதிகள். வெளியே தவிடு, அடியில் முளை, நடுவில் மாச்சத்து. நார்ச்சத்தும் தாது உப்புகளும் பெரும்பாலும் தவிட்டில். நல்ல கொழுப்பும் வைட்டமின்களில் ஒரு பகுதியும் முளையில். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது முழுதானியம். உடைத்தாலும் அரைத்தாலும் பரவாயில்லை, எதையும் சலித்து எறியக் கூடாது, அவ்வளவுதான். ஆலையில் தீட்டி வெளுப்பாக்கும்போது முதல் இரண்டும் போய், மாச்சத்து மட்டும் மிஞ்சுகிறது.

தீட்டுவதால் வரும் நஷ்டம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த சங்கதி. ஜாவா தீவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு பெரிபெரி போன்ற நரம்பு நோய் வருவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் குணமாவதையும் 1890களில் கண்டவர் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூருக்கும் இதில் பங்கு உண்டு. 1918இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

புழுங்கல் அரிசிக்கு இங்கே ஒரு தனி இடம் கொடுக்க வேண்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அவை கூடுதலாக இருக்கும். ஆனால் நார்ச்சத்து அப்படி உள்ளே இறங்காது. தவிட்டோடு போனது போனதுதான்.

கினோவா எங்கிருந்து வந்தது?

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி, குறிப்பாக பெரு, பொலிவியா நாடுகளுக்கு இடையே கிடக்கும் டிட்டிகாகா ஏரிச் சுற்றுவட்டாரம்தான் இதன் தாய்வீடு. பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த மக்களின் அன்றாட உணவு. குளிரும் வறட்சியும் உப்பு மண்ணும் தாங்கும் பயிர். ஐக்கிய நாடுகள் சபை 2013ஐ உலக கினோவா ஆண்டாக அறிவித்தபின் உலகக் கடைகளுக்கெல்லாம் பரவியது. இப்போது ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும்கூட விளைகிறது. பொட்டலத்தில் சிலர் கீன்வா என்று அச்சிடுவார்கள், இரண்டும் ஒன்றே.

தாவரக் கணக்கில் இது நெல், கோதுமை போன்ற புல் வகை அல்ல. கீரைத்தண்டும் பீட்ரூட்டும் உள்ள குடும்பத்தின் விதை. தானியம்போல் சமைத்து உண்பதால் தானியங்களோடு சேர்த்துவிட்டோம். 100 கிராம் கினோவாவில் சுமார் 13 முதல் 14 கிராம் புரதம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 8 கிராமுக்குள். உடலால் தயாரித்துக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் இதில் உண்டு. மெக்னீசியம் ஏறத்தாழ 200 மில்லிகிராம். அசைவம் உண்ணாதவர்களுக்கு இந்தப் புரதம் உண்மையிலேயே நல்ல வரவு.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் பெயர்பெற்ற பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து, கினோவாவில் மிகச் சொற்பம். அது நிறைய இருப்பது ஓட்ஸிலும் பார்லியிலும்.

இதயத்துக்கு எப்படி உதவுகிறது?

கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த நீரைச் சுரக்கிறது. அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். வழக்கமாக வேலை முடிந்ததும் குடல் அந்தப் பித்த அமிலங்களை உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். பீட்டா குளுக்கன் குடலில் கொழகொழப்பான கூழாகி, அவற்றில் ஒரு பங்கைப் பிடித்து மலத்தோடு வெளியே இழுத்துச் சென்றுவிடுகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. தினம் 3 கிராம் பீட்டா குளுக்கன் உடலுக்குப் போனால் எல்டிஎல் சுமார் 5 முதல் 7 சதவீதம் இறங்குவதைப் பல பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஓட்ஸ் பொட்டலங்களில் இதய ஆரோக்கியம் பற்றி எழுதிக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதித்தது இதனால்தான்.

மற்ற முழுதானியங்களின் வேலை வேறு வழியில் நடக்கிறது. மெதுவாகச் செரிக்கும், சர்க்கரை திடீரென ஏறாது, வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், மெக்னீசியமும் பொட்டாசியமும் ரத்த அழுத்தத்துக்கு உதவும்.

ஆதாரம் எவ்வளவு வலுவானது? 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, தினம் 90 கிராம் அளவுக்கு முழுதானிய உணவு கூடுதலாகச் சாப்பிடுவோரிடம் இதயத் தமனி நோய் அபாயம் 19 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. இது கண்காணிப்பு ஆய்வுகளின் முடிவு. முழுதானியம் சாப்பிடுகிறவர் நடைப்பயிற்சியும் போவார், புகைபிடிக்கவும் மாட்டார்; அந்தக் கலப்பை முழுதாகப் பிரிக்க முடியாது. 2017இல் காக்ரேன் ஆய்வுக் குழு நேரடிப் பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்து, திட்டமாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. இந்தியா உட்பட 21 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2021இல் வெளியானபோது இன்னொரு கோணம் தெரிந்தது. மைதா போன்ற சுத்திகரித்த கோதுமைப் பண்டங்களை மிக அதிகம் தின்றவர்களிடம் இதய நோயும் மரணமும் கூடுதல். முழுதானியத்துக்கும் வெள்ளை அரிசிக்கும் தெளிவான தொடர்பு எந்தப் பக்கமும் தென்படவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது: முழுதானியம் மருந்தல்ல, ஆனால் மைதாவை வெளியேற்ற அதைவிட நல்ல வழி இல்லை. பரோட்டாவை விட்டுவிட்டு அந்த வேளைக்குக் கம்பு அடை சாப்பிட ஆரம்பிப்பவருக்கு லாபம் இரண்டு மடங்கு.

படி 1: அறிக்கையைப் படியுங்கள்

வெறும் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துப் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம். லிப்பிட் ப்ரொஃபைல் அறிக்கையில் எல்டிஎல், எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடு மூன்றும் தனித்தனியாக இருக்கும்.

எல்டிஎல் கூடியிருந்தால் ஓட்ஸ், பார்லி, பருப்பு வகைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். நெய், வனஸ்பதி, பேக்கரிப் பண்டங்களையும் குறைக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 150க்கு மேல் போய், எச்டிஎல் குறைந்திருந்தால் (நம்மவர்களிடம் அடிக்கடி காணும் ஜோடி இது) மாவுச்சத்தின் மொத்த அளவையே குறைக்க வேண்டும். இங்கே வெள்ளைச் சோறு இருந்த இடத்தில் அதே குவியலுக்குத் தினைச் சோறு வைத்தால் பெரிய பயன் இராது. குவியலே பாதியாக வேண்டும். மீதி இடம் காய்க்கும் பருப்புக்கும்.

படி 2: ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள் இரண்டாவது வாரம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். மதியச் சோறு மனத்தோடு ஒட்டியது, அதை முதலில் தொடாதீர்கள். காலை அல்லது இரவு டிபனை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை உப்புமா, சேமியா, பரோட்டா, பிரெட், பூரி இவற்றில் எது உங்கள் வீட்டில் அடிக்கடி வருகிறதோ அதுதான் முதலில் போக வேண்டியது.

ரவையைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வெள்ளை ரவை தவிடு நீக்கிய கோதுமையின் நடுப்பகுதி, சத்தில் மைதாவுக்குப் பக்கத்து வீடு. சம்பா கோதுமை ரவை வேறு. அது முழுக் கோதுமையை உடைத்தது. உப்புமாப் பிரியர்கள் ரவையை மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: கடையில் ஏமாறாமல் வாங்குங்கள்

இந்தப் படியில்தான் பணமும் பலனும் அதிகம் வீணாகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சிறுதானியம் என்ற பெயரில் விற்கும் எல்லாமே முழுதானியம் அல்ல. கம்பு, கேழ்வரகு, சோளம் மூன்றுக்கும் கடினமான உமி கிடையாது. பொதுவாகத் தவிட்டோடுதான் கிடைக்கும். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு உமி உண்டு. உமியை நீக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆலைகள் அதோடு நிற்காமல் தவிட்டையும் தீட்டி, பளிச்சென்று வெள்ளையாக்கி விற்கின்றன. சமைக்க எளிது, நாள்பட இருக்கும், கண்ணுக்கும் அழகு. அரிசியை விட்டு இந்த வெளுத்த சாமைக்கு மாறுவது விலையில் மட்டும்தான் மாற்றம். பட்டை தீட்டாதது மங்கலாக, லேசான பழுப்பில் இருக்கும். கையில் தேய்த்தால் மாவுபோல் சற்று ஒட்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, கைக்குத்தல் அரிசி, இலங்கையின் சிவப்பரிசி இவற்றுக்கும் இதே விதிதான். பெயரை நம்பாமல் மணியின் மேல் தோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொட்டலப் பண்டங்களில் முன்பக்க எழுத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். உட்பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும் என்பது விதி. மல்டிகிரெய்ன் பிரெட், ராகி பிஸ்கெட், ஓட்ஸ் குக்கீஸ் எல்லாவற்றிலும் முதல் பெயர் பெரும்பாலும் மைதாவாக இருக்கும். சில ராகி பானப் பொடிகளில் சர்க்கரை முதலிடத்துக்கே வந்துவிடுகிறது. மசாலா ஓட்ஸில் உப்பைக் கவனியுங்கள். ஓட்ஸ் வாங்குவதானால் எதுவும் கலக்காத, தட்டையான ரோல்டு ஓட்ஸ் போதும்.

சிறிய அளவில் வாங்குங்கள். தவிட்டிலும் முளையிலும் எண்ணெய் இருப்பதால் முழுதானியம் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். கம்பு மாவு இதில் மிக மோசம், அரைத்த ஓரிரு வாரத்தில் கசக்கத் தொடங்கும். தானியமாக வாங்கி, வேண்டும்போது அரைத்துக்கொள்வதே நல்லது.

விலை? கினோவா பொன்னி அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் நம் தானியங்களும் சத்தில் குறைந்தவை அல்ல. கம்பில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 11 கிராமுக்கு மேல், இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல். கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமைத் தாண்டும். இதயத்துக்காக மட்டும் என்றால் கினோவாதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புரதம் கூட வேண்டும், சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

படி 4: கினோவாவைக் கசக்காமல் சமையுங்கள்

கினோவாவின் மேல் சபோனின் என்ற கசப்புப் பூச்சு இருக்கிறது. பறவைகள் தின்னாமல் இருக்க அந்தச் செடி வைத்துக்கொண்ட காவல் அது. பூந்திக்கொட்டையில் நுரை வருவதும் இதே வகைப் பொருளால்தான். ஏற்கெனவே கழுவியது என்று பொட்டலத்தில் இருந்தாலும் வீட்டில் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

மணிகள் மிகச் சிறியவை, அரிசி களைவதுபோல் களைந்தால் தண்ணீரோடு பாதி போய்விடும். டீ வடிகட்டி போன்ற நெருக்கமான கண்ணுள்ள பெரிய வடிகட்டியில் போட்டு, குழாய்த் தண்ணீரின் கீழ் விரல்களால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நுரை நின்றதும் போதும். நேரமிருந்தால் கால் மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள்.

நன்றாக நீர் வடித்து, வாணலியில் ஒரு சிறு கரண்டி எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். பச்சை வாடை போய் முந்திரிபோல் ஒரு மணம் வரும். பிறகு ஒரு பங்கு கினோவாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி, பதினைந்து நிமிடம். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் வெள்ளை நூல்போல் ஒரு வளையம் பிரிந்து வரும். அதுதான் முளை, வெந்ததற்கு அடையாளமும் அதுவே. அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டு, முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். குக்கர் என்றால் தண்ணீரைச் சற்றுக் குறைத்து, ஒரு விசில் போதும். ஒருவருக்குப் பச்சையாக 45 முதல் 50 கிராம் எடுத்தால் சரி, வெந்தால் மூன்று மடங்காகப் பெருகும்.

வெறும் கினோவாவில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட முயன்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சோறுபோல் அது குழம்பை உறிஞ்சாது. எலுமிச்சை, புளிக்காய்ச்சல், கொத்தமல்லித் துவையல் கலந்த சித்திரான்னமாக நன்றாக இருக்கும். காய்கறி நிறையப் போட்ட உப்புமா, பாசிப்பருப்போடு குழைய வேகவைத்த பொங்கல் இரண்டும் வெற்றி பெற்றவை. பொங்கலில் நெய்யைக் கரண்டிக் கணக்கில் ஊற்றாதவரை. தோசைக்கு இட்லி அரிசியில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் கினோவா போட்டு, உளுந்தோடு ஊறவைத்து அரைத்தால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பாயசம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

படி 5: மற்றத் தானியங்களைச் சேருங்கள்

கம்பும் சோளமும் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊற வேண்டும். ஊறினால் வேகும் நேரம் குறையும், இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைடிக் அமிலமும் குறையும். புளிக்க வைத்தால் இன்னும் குறையும். கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் இரவு புளித்துக் காலையில் மோரோடு கரைவது இந்த வகையில் நல்ல சமையல் முறை. தீட்டாத சாமை, வரகுக்கு அரை மணி நேரம் ஊறலும் இரண்டரைப் பங்கு தண்ணீரும் போதும்.

பார்லிக்கு நம் வீடுகளில் இடம் வேறு. கால் வீங்கினால் தண்ணீர் காய்ச்சிக் குடிப்போம், பார்லியைக் கொட்டிவிடுவோம். இதயத்துக்கு வேண்டியது அந்தக் கொட்டுகிற பார்லிதான். வெளுப்பான முத்து பார்லியிலும் பீட்டா குளுக்கன் இருக்கிறது. அது மணி முழுக்கப் பரவியிருப்பதால் தீட்டினாலும் கணிசமாகத் தங்குகிறது. சூப்பில், கிச்சடியில், சோற்றுக்கு மாற்றாகப் போடலாம். 3 கிராம் பீட்டா குளுக்கனுக்கு ஓட்ஸ் மட்டும் என்றால் ஏறக்குறைய 75 கிராம் வேண்டும். ஒரே வேளையில் அது அதிகம். காலையில் 40 கிராம் ஓட்ஸ் கஞ்சி, இரவில் ஒரு கிண்ணம் பார்லி கிச்சடி என்று பிரித்தால் எளிதாக எட்டிவிடலாம்.

படி 6: பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள்

தானியத்தை மாற்றிவிட்டு, தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் வைத்தால் ரத்த அழுத்தத்திலிருந்து விடுதலை இல்லை. ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கம்பங்கூழுக்கு மோர் மிளகாயை விடச் சின்ன வெங்காயம் நல்ல துணை. பருப்பும் சுண்டலும் தினம் ஒரு முறையாவது வரட்டும்.

படி 7: வயிற்றைப் பழக்குங்கள்

நார்ச்சத்து திடீரெனக் கூடினால் வாயு, உப்புசம் வரும். முதல் இரண்டு வாரம் ஒரு வேளை, அதுவும் பாதி அரிசி, பாதி முழுதானியமாக. பிறகு முழு வேளை. ஒரு மாதம் கழித்து இரண்டாவது வேளை. தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் அதே நார்ச்சத்து மலச்சிக்கலைத் தரும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முழுதானியத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடுதல். பழுதடைந்த சிறுநீரகத்துக்கு அது சுமை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைக் குறைக்கும்போது தாழ்நிலைச் சர்க்கரை வரலாம். வீட்டில் அடிக்கடி சோதித்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே ஓட்ஸ் கஞ்சியைத் தொடுங்கள். குளூட்டன் ஒவ்வாதவர்களுக்குக் கோதுமையும் பார்லியும் ஆகாது. கினோவாவும் சிறுதானியங்களும் ஆகும்.

மூன்று மாதம் கழித்து

அதே லிப்பிட் பரிசோதனையை மறுபடி எடுங்கள். முடிந்தால் அதே ஆய்வகத்தில். எல்டிஎல் கொஞ்சம் இறங்கியிருந்தால் உணவு வேலை செய்கிறது. இறங்கவே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். சிலருக்குக் கொலஸ்ட்ரால் பரம்பரையாகவே கூடுதல், அதைத் தட்டு மட்டும் சரிசெய்யாது. எந்த நிலையிலும், இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓட்ஸும் பார்லியும் குறைக்கும் அளவு பத்து சதவீதத்துக்குள். மாத்திரை குறைப்பது பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம்.